இடி விழுந்ததும் இறங்கிய கோடு

மந்தைவெளியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில் ஒரு சின்ன அறை இருந்தது. லிஃப்ட் மோட்டாருக்காகக் கட்டியது. புது லிஃப்ட் வந்தபின் அதற்கு வேலையில்லாமல் போய், உடைந்த நாற்காலிகளும் பெயின்ட் டப்பாக்களும் அடைந்து கிடந்தன. முதல் மாடியில் குடியிருக்கும் மர்சலின், குடியிருப்போர் சங்கத்தில் கேட்டு அந்த அறையை வாங்கி, சுத்தம் செய்து, உள்ளே ஓர் இரும்புப் பெட்டியை வைத்தாள்.

மர்சலின் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவள். சாந்தோம் தேவாலயப் பங்கைச் சேர்ந்த குடும்பம். அப்பா, சித்தப்பா, அத்தை என்று வீட்டில் பாதிப் பேர் ஏதோ ஒரு பள்ளியில் சாக்பீஸ் பிடித்தவர்கள். கணவன் ஜாஸ்பர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தான். அவன் வகையிலும் ஆசிரியர்கள்தான் அதிகம்.

பெட்டியைப் பற்றிச் சங்கக் கூட்டத்தில் ஒரு கேள்வி வந்தது. “மேடம், இதுலேர்ந்து ரேடியேஷன் ஏதாவது வருமா? வீட்ல குழந்தைங்க இருக்காங்க.”

“இதுலேர்ந்து எதுவும் வராது சார். வெளியிலேர்ந்து வர்றதை எண்ணும். அவ்வளவுதான்,” என்றாள் மர்சலின்.

உண்மையும் அவ்வளவுதான். இடிமேகத்துக்குள் மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போகும்போது, அங்கே திரியும் எலக்ட்ரான்கள் சில ஏறக்குறைய ஒளியின் வேகத்துக்குத் தள்ளப்படுகின்றன. ஒன்று காற்றில் மோதிப் பலவற்றைக் கிளப்பும், அவை இன்னும் பலவற்றை. அவை காற்றணுக்களின் பக்கத்தில் திசைமாறி வேகம் இழக்கும்போது எக்ஸ் கதிரும் காமா கதிரும் பிறக்கின்றன. விண்கலங்களிலிருந்தும் மலை உச்சிகளிலிருந்தும் இதைப் பார்த்திருக்கிறார்கள். கடலோர ஊரில் பார்ப்பது கஷ்டம். மேகம் உயரத்தில் நிற்கும், கதிர் தரைக்கு வருவதற்குள் காற்றே அதை விழுங்கிவிடும். எப்போதாவது மேகம் தாழ இறங்கினால் கொஞ்சம் வந்து சேரலாம். அதற்காகத்தான் மர்சலின் பெட்டியை வைத்துக் காத்திருந்தாள். போன வருஷம் முழுக்க ஒன்றும் வரவில்லை.

ஆவணி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், சாயங்காலம் மேற்கு மாம்பலம் பக்கத்திலிருந்து வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பெட்டி எண்ணும் கதிர்களின் கணக்கு கீழே அவள் வீட்டுக் கணினிக்கு ஒரு பச்சைக் கோடாக வந்துகொண்டிருக்கும். மர்சலின் காபியை ஆற்றிக்கொண்டே திரையைப் பார்த்தாள். கோடு ஏறியிருந்தது.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். மழை பெய்தாலே எண்ணிக்கை கொஞ்சம் கூடும், காற்றில் இருக்கும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவின் மிச்சங்களை மழை கழுவிக்கொண்டு வரும். ஆனால் இன்னும் ஒரு தூறல்கூட விழவில்லை. ஜன்னல் கம்பி காய்ந்து கிடந்தது. மேகம் மட்டும் தலைக்கு மேல் கனத்து நின்றது. கோடு வழக்கத்தைவிடக் கால்பங்கு உயர்ந்து, இறங்காமல் அப்படியே இருந்தது.

“ஜாஸ்பர், இங்க வாங்களேன்.”

அவன் வந்து குனிந்து பார்ப்பதற்குள் வீடு முழுக்க வெள்ளையாக வெளிச்சம் அடித்தது. அடுத்த மூச்சிலேயே இடி. கண்ணாடிகள் அதிர்ந்தன, தெருவில் நின்ற கார்கள் கத்த ஆரம்பித்தன. மர்சலின் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பச்சைக் கோடு செங்குத்தாக இறங்கிப் பழைய இடத்துக்கே வந்திருந்தது.

மேகத்தின் மின்புலம் கதிர்களைப் பிறப்பித்துக்கொண்டிருக்கும், மின்னல் அடித்ததும் புலம் சரிந்து கதிரும் பட்டென்று நின்றுபோகும். மலை உச்சி ஆராய்ச்சியாளர்கள் எழுதி அவள் படித்திருந்தது அச்சு அசலாக இதுதான்.

“இன்னா மா, மின்னலைப் புடிச்சிட்டியா?” என்றான் ஜாஸ்பர்.

“புடிச்சிட்டேன்னு நினைக்கிறேன்.”

பெங்களூரில் இருக்கும் தோழி தஹ்சீனுக்கு உடனே போன் போட்டாள். இருவரும் ஒன்றாக ஆராய்ச்சிப் படிப்பு முடித்தவர்கள். பெட்டியின் உள்ளே கதிரை உணரும் படிகத்தை இரவல் கொடுத்ததே தஹ்சீன்தான். மர்சலின் மூச்சு வாங்கச் சொல்வதை அவள் முழுக்கக் கேட்டாள்.

“எனர்ஜி பாத்தியா மர்சி?”

“இன்னும் பிரிச்சுப் பாக்கல. மொத்த எண்ணிக்கைதான். நாளைக்கு உக்காந்து பாத்துடுறேன்.”

“பாரு. ஆனா இடியோட சேர்ந்து விழுந்திருக்குன்னா... ரொம்ப நல்லா இருக்குடி இது. டிசம்பர் மாநாட்டுல உனக்கு ஒரு பேச்சு வாங்கிடுறேன். இன்னிக்கே சொல்லிடுறேன்.”

அன்றைக்கு மர்சலின் சமைக்கவில்லை. ஜாஸ்பர் லஸ் வரை போய் இடியாப்பமும் பாயாவும் வாங்கிவந்தான்.

மறுநாள் பூசைக்குப் போய்வந்து, புடவையைக்கூட மாற்றாமல் கணினி முன்னால் உட்கார்ந்தாள். வெளியே நல்ல வெயில், வானத்தில் பஞ்சளவுகூட மேகமில்லை. பச்சைக் கோடு மறுபடியும் ஏறியிருந்தது. நேற்றைப் போலவே கால்பங்கு.

முதலில் வெயிலைச் சந்தேகித்தாள். அறை சூடாகிப் பெட்டி தப்பாக எண்ணுகிறதோ? ஆனால் சித்திரை வெயிலில்கூட அது இப்படிச் செய்ததில்லை. பிறகு, நேற்றே செய்திருக்க வேண்டியதைச் செய்தாள். வந்த கதிர்களை அவற்றின் ஆற்றல்வாரியாகப் பிரித்து விரித்துப் பார்த்தாள். மேகத்திலிருந்து வந்திருந்தால் சிறியதும் பெரியதுமாக எல்லா ஆற்றலிலும் பரவி, மிக உயர்ந்த ஆற்றல் வரை நீண்டிருக்கும். இங்கே அப்படியில்லை. ஒரே இடத்தில், ஊசி போல ஒரு முகடு. அது எந்த இடம் என்று பார்க்க அவளுக்கு அட்டவணை தேவைப்படவில்லை. எம்.எஸ்சி. படிக்கும்போது ஓர் ஆஸ்பத்திரியில் செய்த பயிற்சியில் அந்த முகட்டை மாதக்கணக்கில் பார்த்திருக்கிறாள். ரேடியோ அயோடின். தைராய்டு நோயாளிகளுக்குக் கொடுக்கும் மருந்து.

நேற்றைய மாலையையும் விரித்துப் பார்த்தாள். அதே முகடு.

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். நேற்றைய கோட்டை மட்டும் காட்டிவிட்டு இதைப் பற்றிப் பேசாமலே இருந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போகவும் செய்தது. அயோடின் இருக்கிறது என்றால் அதைச் சாப்பிட்ட மனிதர் ஒருவர் இருக்கிறார். அவர் இந்த நிமிஷம் பெட்டிக்குக் கொஞ்ச தூரத்தில்தான் இருக்கிறார்.

மர்சலின் மாடி ஏறினாள்.

மொட்டைமாடியின் மறுகோடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில், பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் அனுப்ரியா உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் மாடிக்காரி, முப்பது வயதுகூட ஆகாதவள். அவள் கணவன் வெங்கடேஷ் குடும்பத்துக்குத் திருநெல்வேலிப் பக்கம். தி.நகரில் துணிக்கடை வைத்திருக்கிறார்கள். சித்திரையில் அனுப்ரியாவுக்குக் கழுத்தில் ஓர் ஆபரேஷன் நடந்தது குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். ‘தைராய்டு கட்டி, எடுத்தாச்சு’ என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

கையிலிருந்த போனில் அவள் யாரிடமோ கொஞ்சிப் பேசிக்கொண்டிருந்தாள். “அம்மா மேலதான் இருக்கேன் செல்லம். ஆச்சிகிட்ட மம்மு சாப்பிடு...” மர்சலினைக் கண்டதும் போனை அணைத்துவிட்டு எழுந்தாள்.

“அக்கா, அங்கயே நில்லுங்க. பக்கத்துல வராதீங்க. எனக்குக் காய்ச்சல், ஒட்டிக்கும்.”

மர்சலின் நின்றாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. “அனு, உனக்கு அயோடின் மருந்து குடுத்தாங்களாம்மா?” என்று கேட்டுவிட்டாள்.

அனுப்ரியாவின் முகம் வெளுத்தது. “யார் சொன்னா?”

“யாரும் சொல்லல. அந்த ரூம்ல இருக்குற பெட்டியில தெரியுது. உன் பேரு தெரியாது அதுக்கு. யாரோ ஒருத்தர் இருக்காங்கன்னு மட்டும் தெரிஞ்சுது. நான்தான் வந்து பாத்தேன்.”

அனுப்ரியா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாலைந்து கொடிக்கம்பிகள் குறுக்கே இருக்க, இருவரும் தூரத்திலிருந்தே பேசினார்கள். எடுத்த கட்டி புற்றுநோய்க் கட்டி. மிச்சம் மீதியை அழிக்க அடையாறு பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, தனி அறையில் வைத்திருந்து, நேற்று மத்தியானம்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். குணமாகிவிடும் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் உடம்பில் இருக்கும் மருந்து போகும்வரை குழந்தையைப் பக்கத்தில் சேர்க்கக் கூடாது. அதற்கு ஒரு தேதி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

“சிந்துவுக்கு மூணு வயசுக்கா. கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருந்தா, வெளிய நின்னு ரெண்டு கையாலயும் தட்டுறா. கேக்க முடியல. அதான் மேல வந்துடுறேன். இங்க இருந்தா அவ சத்தம் கேக்காது.”

“உங்க மாமியாருக்குத் தெரியுமா?”

“தெரியாது. அவங்க தங்கச்சி இந்த நோயிலதான் போனாங்க. அந்தப் பேரைச் சொன்னாலே அத்தை படுத்துடுவாங்க, சொல்லவே கூடாதுன்னுட்டாரு இவரு. வைரஸ் காய்ச்சல்னு சொல்லி வச்சிருக்கோம். பிள்ளைய விட்டுட்டு மாடியில காத்து வாங்குறா, இவ எல்லாம் ஒரு தாயான்னு நேத்துலேர்ந்து ஏச்சு.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

“சொல்ல மாட்டேன்.” மர்சலின் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். “நேத்து அந்தப் பெரிய இடி விழுந்துதே, அப்போ நீ இங்கதான் இருந்தியா?”

“ஆமாக்கா. மழை வர்ற மாதிரி இருந்துச்சு, கீழ போக மனசு வரல. அந்த இடி விழுந்ததும் செருப்பைக்கூடப் போடாம படியில விழுந்தடிச்சு ஓடிட்டேன். ஏன்?”

மர்சலினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. மேகத்தைப் பற்றியும், ஏறிய கோட்டைப் பற்றியும், இடி விழுந்ததும் அது இறங்கியதைப் பற்றியும், பெங்களூருக்கு மூச்சு வாங்கப் போன் பேசியதைப் பற்றியும் சொன்னாள். அனுப்ரியா வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். பிறகு அவளும் சிரித்தாள். கழுத்துத் தழும்பு இழுத்ததோ என்னவோ, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள்.

“அப்போ நான்தான் உங்க மின்னலாக்கா? ஐயோ, உங்க வேலையைக் கெடுத்துட்டேனே.”

“நீ என்ன பண்ணுவ? முதல்லயே பாத்திருக்கணும் நான்.”

சிரிப்பு அடங்கியபின் அனுப்ரியா பெட்டி இருந்த அறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அக்கா, மருந்து குறையுறதும் அதுல தெரியுமா?”

“தெரியும்.”

“எனக்குக் காட்டுவீங்களா?”

மர்சலின் யோசித்துவிட்டுச் சொன்னாள். “காட்டுறேன். ஆனா ஒண்ணு. இதைப் பாத்துட்டு முன்னாடியே பிள்ளையைத் தூக்கக் கூடாது. டாக்டர் சொன்ன தேதிதான் தேதி. இது உன் மனசுக்கு.”

“சரிக்கா.”

அன்று மாலை மர்சலின் தஹ்சீனைக் கூப்பிட்டாள். “அது மேகம் இல்ல. அயோடின். மாநாட்டுக்காரங்ககிட்ட சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேனே. அயோடினா? உங்க மொட்டைமாடிக்கு எங்கேர்ந்துடி வந்தது?”

“வந்தது. கொஞ்ச நாள்ல போயிடும். அதுக்கு மேல கேக்காத தஹ்சீன்.”

தஹ்சீன் புத்திசாலி. “சரி, கேக்கல. மாநாட்டுக்காரங்ககிட்ட நான் பேசிக்கிறேன். உனக்கு வருத்தமா?”

“வருத்தம்தான். ஒரு நாளாவது சந்தோஷமா இருந்தேன்ல, விடு.”

அதற்குப் பிறகு தினமும் வெயில் தாழ்ந்ததும் அனுப்ரியா தொட்டி அருகே அதே இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்வாள். கீழே மர்சலின் திரையில் வரும் கோட்டைப் படமெடுத்து அவள் போனுக்கு அனுப்புவாள். முதல் நாள் இருந்த மேடு மறுநாள் தணிந்திருந்தது. அடுத்த நாள் இன்னும் தணிந்தது. ‘குறையுதுக்கா’ என்று உடனே பதில் வரும். ஒரு நாள் மர்சலின் மேலே போய், நின்ற இடத்திலிருந்தே, இடிமேகத்தில் நடப்பதைச் சொன்னாள். அனுப்ரியா கவனமாகக் கேட்டுவிட்டு, “எனக்கு ஆஸ்பத்திரியில மாத்திரையில குடுத்ததை வானம் சும்மாவே செய்யுதா?” என்றாள். ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் மேகம் செய்வது கண்ணிமைக்கும் நேரத்துக்கோ சில நிமிஷத்துக்கோதான் என்றாள் மர்சலின்.

டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்தபோது அது நடந்தது. கல்லூரியிலிருந்து சீக்கிரம் திரும்பிய மர்சலின், பெட்டியின் ஒயரைச் சரிபார்க்க மேலே போயிருந்தாள். படியில் தடதடவென்று சத்தம். சிந்து, ஒரு கையில் கடித்த பிஸ்கெட்டோடு, “அம்மா!” என்று கத்திக்கொண்டு மாடி வாசலில் வந்து நின்றாள். தொட்டியருகே இருந்த அனுப்ரியா பதறி எழுந்து பின்னால் நகர்ந்தாள். கைப்பிடிச் சுவர் முதுகில் இடிக்கும்வரை நகர்ந்தாள்.

“அக்கா, அவளைப் பிடிங்க!”

மர்சலின் ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். சிந்து அவள் தோளுக்கு மேலாக இரண்டு கையையும் அம்மாவை நோக்கி நீட்டி வீறிட்டாள். பின்னாலேயே மாமியார் ஜெயபாரதி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

“நிக்காளா பாரு, பால்காரனுக்குக் கதவத் தொறந்த நேரத்துல ஓடியாந்துட்டா...” என்றவர், மறுகோடியில் சுவரோடு ஒட்டி நின்று அழும் மருமகளைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார். “என்னட்டி இது? காய்ச்சக்காரி பிள்ளயக் கண்டு இப்படியா பயப்படுவா? என்ன நடக்கு இங்கன?”

அனுப்ரியா மர்சலினைப் பார்த்தாள். மர்சலின் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். சொல்ல வேண்டியவள் அனுப்ரியாதான்.

அழுகையோடு அழுகையாக அனுப்ரியா எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். நோயின் பெயரைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது. ஜெயபாரதி மாடிப்படியின் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தார். மர்சலின் பயந்துபோய் ஒரு கையை நீட்டினாள். அவர் அதைத் தள்ளிவிட்டார்.

“எனக்கு ஒண்ணுமில்ல டீச்சர். ஏட்டி, என்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க தாங்க மாட்டீங்கன்னு அவருதான்...”

“அவன் சொன்னானா? என் தங்கச்சி படுத்திருந்தப்போ கூடவே கெடந்தது யாரு? நான்தான. கஞ்சி குடுத்தது, துணி மாத்துனது, கொட்டுன முடிய வாரி எடுத்தது எல்லாம் நான்தான். இவன் அப்போ காலேஜ் படிச்சான். ஒரு நாள் வந்து எட்டிப் பாத்துட்டு, வெளிய போய் வேப்பமரத்தடியில நின்னவன். தாங்காதது அவன்ட்டி. நானில்ல.”

சிந்துவின் அழுகை விக்கலாக மாறியிருந்தது.

“கொணமாயிரும்னு சொல்லிட்டாங்கல்லா?” என்றார் ஜெயபாரதி.

“சொல்லிட்டாங்கத்தை.”

“அப்பொறம் என்னத்துக்கு அழுத? கண்ணத் தொடச்சுக்கோ.” அவர் எழுந்து குழந்தையை மர்சலினிடமிருந்து வாங்கிக்கொண்டார். “தேதி வர்றவரைக்கும் இவ என்கூடப் படுக்கட்டும். பகல்ல கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிருதேன், நீ வீட்டுக்குள்ளயே இரி. மொட்டமாடியில எதுக்குக் கெடந்து காயுத?” இரண்டு படி இறங்கியவர் திரும்பிப் பார்த்தார். “நான் ஏசுனதெல்லாம் மனசுல வச்சுக்காத.”

அன்றைக்குக் கடையிலிருந்து திரும்பிய வெங்கடேஷுக்கு நல்ல கச்சேரி நடந்திருக்க வேண்டும். மறுநாள் படியில் மர்சலினைப் பார்த்தவன் அசடு வழியச் சிரித்துவிட்டுப் போனான்.

தேதி வந்தது. ஆஸ்பத்திரியில் பரிசோதித்து, இனிப் பயமில்லை என்று அனுப்பினார்கள். குழந்தையைத் தூக்கிய அன்று அனுப்ரியா மர்சலினுக்குப் படம் எதுவும் அனுப்பவில்லை, போனும் செய்யவில்லை. அவளுக்கு நேரம் இருந்திருக்காது. மூன்றாம் நாள்தான் சிந்துவை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஜெயபாரதி செய்த முந்திரிக்கொத்தோடு கீழே வந்தாள். மாடியில் பேசிய அத்தனை பேச்சுக்கும் சேர்த்து அன்றுதான் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

புரட்டாசியில் மறுபடியும் இடிமழைகள் வந்தன. ஒரு சாயங்காலம் மேகம் வழக்கத்தைவிடத் தாழ்ந்து, காற்று நின்று, தெருவே மஞ்சள் வெளிச்சத்தில் கிடந்தது. மர்சலின் விடைத்தாள்களை ஒதுக்கிவிட்டுத் திரையின் முன்னால் உட்கார்ந்தாள். போன் அடித்தது.

“அக்கா, மேல யாரும் இல்ல. நான் போய்ப் பாத்துட்டு, துணியெல்லாம் எடுத்துட்டு, கதவைச் சாத்திட்டு வந்துட்டேன். நாங்க எல்லாரும் வீட்லதான் இருக்கோம். சிந்து என் மடியை விட்டு இறங்க மாட்டேங்குறா, அவளுக்கு இடின்னா பயம்.”

“உனக்கு?”

“எனக்குந்தான்.”

அன்றைக்குக் கோடு பெரிதாக ஏறவில்லை. பார்த்தும் பாராததுமாக ஒரு சின்ன மேடு. மர்சலின் இந்த முறை முதல் காரியமாக ஆற்றல்வாரியாகப் பிரித்து விரித்தாள். முகடு எதுவும் இல்லை. சிறிதும் பெரிதுமாகப் பரவி, மிக உயர்ந்த ஆற்றலில், எந்த ஆஸ்பத்திரி மருந்தாலும் எட்ட முடியாத இடத்தில், விரல்விட்டு எண்ணக்கூடிய சில புள்ளிகள் இருந்தன. மழை கழுவிக்கொண்டு வரும் மிச்சங்களுக்கும் அவ்வளவு ஆற்றல் கிடையாது. வெறும் தற்செயலாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

தஹ்சீனுக்கு அனுப்பிவைத்தாள். அவள் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.

“மாடியில யாராவது?”

“யாரும் இல்ல. விசாரிச்சாச்சு.”

“ரொம்பக் கொஞ்சமா இருக்குடி. இன்னும் ரெண்டு மூணு வரட்டும். அப்புறம் யோசிப்போம்.”

“வரட்டும்,” என்றாள் மர்சலின். மழை வலுத்து, சாரல் உள்ளே அடித்தது. எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு, விடைத்தாள் கட்டை மறுபடி பிரித்தாள்.